கேட்ஸ்பி யார் வீட்டுப் பிள்ளை?



இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டது ஓர் அமெரிக்க நாவல். பெயர் 'தி கிரேட் கேட்ஸ்பி'. எழுதியவர் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு. வெளிவந்த நாள் 1925 ஏப்ரல் 10. நம் ஆங்கில டீச்சர் இலக்கணப் பாடம் முடிந்து மிச்சமிருக்கும் பத்து நிமிடத்தில் இந்தக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அப்புறம் புத்தகத்தையே கையில் கொடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புரியாத இடத்தை டீச்சரிடம் கேட்டுக் கேட்டுப் படித்து முடித்தேன். மொத்தம் ஒன்பதே அத்தியாயம்தான். ஆனால் என் கட்டுரை மூன்று சார்ட் பேப்பர் ஆகிவிட்டது. பொறுமையாகப் படிக்கவும். சாப்பாட்டு மணி அடித்துவிட்டால் மீதியைச் சாயங்காலம் வந்து படிக்கலாம், தாள் எங்கேயும் போகாது.

இது காதல் கதை என்று பலர் சொல்கிறார்கள். காதலும் இருக்கிறது. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு வேறு ஒரு கேள்விதான் கதை முழுக்கச் சுற்றிச் சுற்றி வருவதுபோல் தெரிந்தது. இவன் யார் வீட்டுப் பிள்ளை? இவனுக்கு இவ்வளவு பணம் எப்படி வந்துச்சு? இந்த இரண்டு கேள்வியையும் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் எல்லோரையும் பார்த்துக் கேட்பதில்லை. யாரைக் கேட்கிறார்கள், யாரைக் கேட்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். கதை நடப்பது 1922-ஆம் ஆண்டு கோடையில். நியூயார்க் நகரத்தை ஒட்டி லாங் ஐலண்ட் என்று ஒரு நீளமான தீவு. அதன் கரையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நிலத்துண்டுகள். ஒன்று ஈஸ்ட் எக், மற்றொன்று வெஸ்ட் எக். எக் என்றால் முட்டை. கிழக்கு முட்டை, மேற்கு முட்டை என்று டீச்சர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. பெயர்தான் கற்பனை, இடம் நிஜம். வெஸ்ட் எக் என்று எழுதியிருப்பது கிரேட் நெக் என்ற ஊரை. ஃபிட்ஸ்ஜெரால்டு 1922 முதல் 1924 வரை அந்த ஊரில்தான் குடியிருந்தார்.

இரண்டு முட்டையிலும் பணக்காரர்கள்தான். ஆனால் கிழக்கே இருப்பவர்கள் பரம்பரைப் பணக்காரர்கள். மேற்கே இருப்பவர்கள் புதிதாகச் சம்பாதித்தவர்கள். நடுவில் இருப்பது ஒரு சின்ன விரிகுடா. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையில் எரியும் விளக்கு தெரியும். அவ்வளவு கிட்டத்தில்.

மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. இரண்டு முட்டையிலிருந்தும் நியூயார்க் போகும் வழியில் ஒரு பெரிய சாம்பல் மேடு. இதுவும் நிஜமாக இருந்ததுதான். கொரோனா என்ற பகுதியில் (நோய் இல்லை, ஊர்ப் பெயர்!) நகரத்து அடுப்புகளில் எரிந்த நிலக்கரிச் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி மலை மாதிரி ஆகிவிட்டது. பிறகு அதைச் சமன்படுத்தி 1939-இல் உலகக் கண்காட்சி நடத்தினார்கள். இப்போது அது பெரிய பூங்கா. யு.எஸ். ஓபன் டென்னிஸ் நடப்பது அங்கேதான். கதையில் அந்தச் சாம்பலுக்கு நடுவில் ஒரு கார் பட்டறை. அதை வைத்திருப்பவன் ஜார்ஜ் வில்சன், அவன் மனைவி மிர்ட்டில். பணக்காரர்கள் எல்லோரும் இவர்களைத் தாண்டித்தான் நகரத்துக்குப் போகிறார்கள். இறங்கினால் பெட்ரோல் போடத்தான் இறங்குவார்கள்.

கதையைச் சொல்பவன் பெயர் நிக் கேரவே. கடன் பத்திரம் விற்கும் வேலை. வெஸ்ட் எக்கில் மாதம் 80 டாலர் வாடகைக்கு ஒரு சின்ன வீட்டில் இருக்கிறான். பக்கத்து வீடு ஒரு மாளிகை. அதுதான் ஜே கேட்ஸ்பியின் வீடு. விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் நிக்கின் தூரத்து உறவுக்காரி டெய்சியும் அவள் கணவன் டாம் புகேனனும் இருக்கிறார்கள்.

கேட்ஸ்பி வீட்டில் கோடை முழுவதும் விருந்து. வெள்ளிக்கிழமை தோறும் பழக்கடையிலிருந்து ஆரஞ்சும் எலுமிச்சையும் ஐந்து பெட்டி வந்து இறங்கும். திங்கட்கிழமை எட்டு வேலைக்காரர்கள் வந்து உடைந்ததை எல்லாம் சரிசெய்ய வேண்டும். வருகிறவர்களில் பாதிப்பேர் அழைக்காமல் வருகிறவர்கள். சாப்பிட்டுவிட்டு அவனைப் பற்றியே புறம் பேசுகிறார்கள். ஒருத்தனைக் கொன்றவனாம் என்கிறாள் ஒருத்தி. ஜெர்மன் உளவாளியாம் என்கிறாள் இன்னொருத்தி. ஜெர்மன் சக்கரவர்த்திக்கே சொந்தக்காரனாம் என்கிறது வேறு ஒரு குரல். எந்தப் பந்தியில் கை நனைத்தார்களோ அந்தப் பந்தியிலேயே உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபமாக இருந்தது.

கேட்ஸ்பியும் சும்மா இல்லை. அவனே நிக்கிடம் ஒரு கதை சொல்கிறான். மத்திய மேற்குப் பகுதியில் பெரிய பணக்காரக் குடும்பமாம். எல்லோரும் இறந்துபோய்ச் சொத்தெல்லாம் இவனுக்கு வந்ததாம். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தானாம். மத்திய மேற்கில் எந்த ஊர் என்று நிக் கேட்டால் சான் ஃபிரான்சிஸ்கோ என்கிறான்! வரைபடத்தைப் பாருங்கள். சான் ஃபிரான்சிஸ்கோ பசிபிக் கடற்கரையில் இருக்கிறது. நான் மலைநாட்டுக்காரன் என்று சொல்லிவிட்டு, எந்த ஊர் என்றால் நாகப்பட்டினம் என்பது போல. பொய் சொல்வதிலும் அவனுக்குப் பயிற்சி போதவில்லை.

உண்மை என்ன? அவன் பெயர் ஜேம்ஸ் கேட்ஸ். வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஓர் ஏழை விவசாயியின் மகன். கல்லூரிக்குப் போய் இரண்டே வாரத்தில் விட்டுவிட்டான். படிப்புச் செலவுக்காக அங்கே துப்புரவு வேலை பார்க்க வேண்டியிருந்தது, அது அவனுக்குப் பிடிக்கவில்லை. பதினேழு வயதில் சுப்பீரியர் ஏரிக்கரையில் மீனும் கிளிஞ்சலும் பிடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தபோது, டேன் கோடி என்ற கோடீஸ்வரரின் உல்லாசப் படகு அங்கே வந்து நிற்கிறது. அது காற்றில் உடைந்துவிடும் என்று எச்சரிக்கத் துடுப்புப் படகில் போனவன், பெயரைக் கேட்டதும் ஜே கேட்ஸ்பி என்கிறான். அந்த நிமிடத்திலிருந்து ஜேம்ஸ் கேட்ஸ் இல்லை. கோடியிடம் ஐந்து வருடம் வேலை பார்க்கிறான். அவர் இறக்கும்போது இவனுக்கு 25,000 டாலர் எழுதிவைக்கிறார். சட்டத்தின் ஏதோ சந்தில் அந்தப் பணம் வேறு ஒருத்திக்குப் போய்விடுகிறது. பெரிய மனிதர்கள் எப்படி நடப்பார்கள், எப்படிப் பேசுவார்கள் என்ற பாடம் மட்டும் மிச்சம்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. இந்த நாவலில் சட்டை, துணி வருகிற இடங்களை எல்லாம் நான் நோட்டில் குறித்துவைத்தேன். யாருடைய பழைய வாழ்க்கை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது துணியைப் பார்த்தால் தெரிகிறது.

1917-இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. கேட்ஸ்பி ராணுவ அதிகாரியாக லூயிவில் நகரத்துக்குப் பக்கத்து முகாமுக்கு வருகிறான். டெய்சி அந்த ஊரிலேயே பெரிய வீட்டுப் பெண். சாதாரணமாக இருந்தால் அந்த வீட்டு வாசற்படிகூட அவன் மிதித்திருக்க முடியாது. ஆனால் உடம்பில் இருப்பது சீருடை. சீருடையில் ஏழை எது, பணக்காரன் எது? நாம் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு வருவதும் அதற்காகத்தானே. தானும் அவள் மாதிரி வசதியானவன்தான் என்று அவளை நம்பவிடுகிறான். அப்புறம் போர் முடிந்து வந்தபோதும் அதே சீருடைதான் உடம்பில், காரணம் வேறு. வேறு துணி வாங்கக் காசில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்கிறான். அப்போது அவனைக் கண்டுபிடித்துச் சோறு வாங்கிக் கொடுப்பவன் மேயர் வுல்ஃப்ஷைம் என்ற சூதாட்டக்காரன். அன்றைக்கு ஒரு நல்ல ஆள் கண்ணில் பட்டிருந்தால் கதையே வேறு.

(2013-இல் வந்த திரைப்படத்தில் இந்த வுல்ஃப்ஷைம் வேடத்தில் நடித்தவர் யார் தெரியுமா? நம் அமிதாப் பச்சன்! நாவலில் அவனை யூதன் என்று காட்டி மூக்கைக் கேலி செய்து எழுதியிருப்பது சரியில்லை என்று பலரும் கண்டித்திருக்கிறார்கள். எனக்கும் அந்தப் பக்கம் பிடிக்கவில்லை.)

மிர்ட்டில் கதையிலும் ஒரு துணி. வில்சனைக் கௌரவமானவன் என்று நம்பித்தான் கட்டிக்கொண்டாளாம். கொஞ்ச நாள் கழித்து ஒருத்தர் வீட்டுக்கு வந்து என் கோட்டைக் கொடு என்கிறார். கல்யாணத்துக்கு வில்சன் போட்டிருந்தது இரவல் கோட்டு! மனைவியிடம் அதைச் சொல்லவே இல்லை. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு அன்றைக்குச் சாயங்காலம் வரை அழுதாளாம். பிறகு அவளே டாமிடம் மயங்குவதும் ரயிலில் அவனுடைய உயர்ந்த உடையையும் பளபளக்கும் ஷூவையும் பார்த்துத்தான். இரவல் கோட்டுக்காக வில்சனை நான் குறை சொல்லமாட்டேன். கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவது நாம் பார்க்காததா?

டெய்சி அழும் இடமும் துணியை வைத்துத்தான். ஐந்து வருடம் கழித்து கேட்ஸ்பி தன் மாளிகையை அவளுக்குச் சுற்றிக் காட்டுகிறான். இங்கிலாந்திலிருந்து வந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசை மேல் வீசுகிறான். பட்டு, லினன், எத்தனையோ நிறம். அவள் சட்டைக்குள் முகத்தைப் புதைத்து அழுகிறாள், இவ்வளவு அழகான சட்டைகளைப் பார்த்ததே இல்லையாம். எதற்காக அழுதாள் என்று வகுப்பில் விவாதம் நடந்தது. டீச்சர் பதில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டார். எனக்குத் தோன்றியது இதுதான். இந்தச் சட்டை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே இவன்கிட்ட இருந்திருந்தா நான் இவனையே கட்டியிருப்பேனே என்று அழுதிருப்பாள்.

ஏனென்றால் 1919 ஜூன் மாதம் அவள் டாமைக் கட்டிக்கொண்டுவிட்டாள். கல்யாணத்துக்கு முதல் நாள் டாம் கொடுத்த முத்துமாலையின் விலை 3,50,000 டாலர். நிக் தரும் வாடகை மாதம் 80 டாலர் அல்லவா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு மாலைக்கு 364 வருடம் 7 மாதம் வாடகை கொடுக்கலாம். அன்றைக்கு ராத்திரி டெய்சி ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுது, மாலையைக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு அதே மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள், மறுநாள் மணமேடை ஏறினாள். இதுவும் ஒரு மறைத்த பழைய கதைதானே. ஆனால் டெய்சியை யாரும் கேள்வி கேட்கவில்லை.

கேட்ஸ்பியின் பணம் எப்படி வந்தது என்பது நியூயார்க்கில் பிளாசா ஹோட்டல் அறையில் உடைகிறது. அமெரிக்காவில் 1920 ஜனவரியிலிருந்து 1933 டிசம்பர் வரை நாடு முழுவதும் மதுவிலக்கு. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் மருந்துக்கடையில் மது வாங்கலாம். கேட்ஸ்பியும் வுல்ஃப்ஷைமும் நியூயார்க்கிலும் சிக்காகோவிலும் மருந்துக்கடைகளை வாங்கிப் போட்டு அதன் மறைவில் கள்ளச்சாராயம் விற்றார்கள். இதை டாம் எல்லோர் முன்னிலும் போட்டு உடைக்கிறான். டெய்சியின் முகம் மாறுகிறது. அதோடு முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த அறைக்கு ஒரு பாட்டில் விஸ்கியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தவன் யார்? டாம்தான்! அந்தக் காலச் சட்டப்படி விற்பதும் கொண்டுபோவதும் குற்றம், குடிப்பது குற்றம் இல்லை. அதனால் அதை விற்றவன் கயவன், துண்டில் சுற்றி எடுத்துவந்து குடிக்கிறவன் நீதிபதி. கேட்ஸ்பி செய்தது தப்புதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல டாமுக்கு என்ன யோக்கியதை? கட்டிய மனைவி இருக்க மிர்ட்டிலுக்கு நகரத்தில் தனி வீடு பார்த்து வைத்திருப்பவன் அவன்.

சரி, டாமின் பணம் எப்படி வந்தது? புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. அவன் குடும்பம் அளவில்லாத பணக்காரக் குடும்பம் என்று மட்டும் இருக்கிறது. சிக்காகோ பக்கத்திலிருந்து போலோ விளையாட ஒரு மந்தைக் குதிரையைக் கொண்டுவந்தான் என்று இருக்கிறது. அவன் தாத்தா என்ன தொழில் செய்தார், யாருக்கு எவ்வளவு கூலி கொடுத்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்டு மறந்து விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏனென்றால் நிக்கின் குடும்பத்தைப் பற்றி மட்டும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார். நாங்கள் ஸ்காட்லாந்துப் பிரபு வம்சம் என்று அவர்கள் வீட்டில் பேச்சு. உண்மையில் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது நிக்கின் தாத்தாவுடைய அண்ணனோ தம்பியோ. 1851-இல் வந்தவர். உள்நாட்டுப் போரின்போது தனக்குப் பதிலாக வேறொருவனைப் போருக்கு அனுப்பிவிட்டு, இவர் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் ஆரம்பித்தார். அந்தப் போரில் அது சட்டப்படி நடந்ததுதான். 1863-இல் வந்த சட்டப்படி பதில் ஆள் அனுப்பலாம், அல்லது 300 டாலர் கட்டிவிட்டு வீட்டில் இருக்கலாம். பதிலுக்குப் போனவன் பெயர் என்ன, உயிரோடு திரும்பினானா? நாவல் சொல்லவில்லை. எழுபது வருடம் ஆனதும் அந்தக் கடை மரியாதையான குடும்பத் தொழில் ஆகிவிட்டது. ஆக, பணத்துக்கும் வயசாக வேண்டியிருக்கிறது. கேட்ஸ்பியின் பணம் பச்சைக் குழந்தை, அதனால் எல்லோரும் அதன் அப்பா யார் என்று கேட்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். கேட்ஸ்பியின் மாளிகையை முதலில் கட்டியவர் ஒரு பீர் ஆலை முதலாளி. அவருக்குப் பழைய காலத்து ஜமீன்தார் மாதிரி இருக்க ஆசை. சுற்றியிருந்த சின்ன வீட்டுக்காரர்களிடம், உங்கள் வீட்டுக்கு எல்லாம் வைக்கோல் கூரை போட்டுக்கொண்டால் ஐந்து வருட வரியை நான் கட்டுகிறேன் என்றாராம். ஒருவரும் சம்மதிக்கவில்லை. கூரை வீட்டை மாற்றி ஓடு போட நம் ஊரில் படாத பாடு படுகிறார்கள், அந்தப் பெரிய மனிதருக்கு ஜன்னலில் இருந்து பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்று கூரை வேண்டியிருக்கிறது!

கேட்ஸ்பியும் அதே மாதிரிதான். அவன் நூலகத்தில் அலமாரி அலமாரியாகப் புத்தகம். ஒரு விருந்தாளி எடுத்துப் பார்த்துவிட்டு அட்டை இல்லை, நிஜப் புத்தகம்தான் என்று ஆச்சரியப்படுகிறார். ஆனால் பக்கங்கள் வெட்டப்படவில்லை. அந்தக் காலத்தில் பல புத்தகங்கள் தாளின் ஓரம் ஒட்டியபடியே வரும், கத்தியால் வெட்டிப் பிரித்தால்தான் படிக்க முடியும். வெட்டவில்லை என்றால் ஒன்றும் படிக்கவில்லை என்று அர்த்தம். நம் பள்ளி நூலகப் பீரோவின் சாவி எங்கே இருக்கிறது என்று தேடும் எனக்கு இது வயிற்றெரிச்சலாக இருந்தது.

என் கருத்து இதுதான். கேட்ஸ்பி மறைத்தது இரண்டு விஷயம். ஒன்று கள்ளச்சாராயம். அது வெட்கப்பட வேண்டியது. இன்னொன்று தன் அப்பா ஏழை விவசாயி என்பது. அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு ஒரே பூட்டுப் போட்டான். அதில் ஈஸ்ட் எக்காரர்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் கண்ணுக்கு இரண்டும் ஒரே குற்றம்தான். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன் ரோஸ் நிறக் கோட்டுப் போடுவானா என்று டாம் கேலி செய்கிறானே, அது சாராயத்தைப் பற்றிய கேலி இல்லை, பிறந்த வீட்டைப் பற்றிய கேலி. (போர் முடிந்தபின் அதிகாரிகளுக்குக் கிடைத்த வாய்ப்பில் கேட்ஸ்பி ஐந்து மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தது உண்மைதான்.) பள்ளியில் படிவம் நிரப்பும்போது 'தந்தையின் தொழில்' என்ற கட்டம் வரும். அதில் 'கூலி' என்று எழுதும்போது மட்டும் இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எதுவும் தப்புச் செய்யவில்லை.

பிறப்பைப் பார்த்து ஆளை எடைபோடுவது அன்றைக்கு அமெரிக்காவில் டாம் ஒருவனுடைய குணம் மட்டும் இல்லை. வெள்ளை இனம் அழிந்துவிடும் என்று பயமுறுத்தும் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு அவன் சாப்பாட்டு மேசையில் பிரசங்கம் செய்கிறான். அந்த மாதிரிப் புத்தகங்கள் அப்போது நிஜமாகவே நிறைய விற்றன. நாவல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு, 1924-இல், அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் போட்டது. தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களுக்கு வாசல் குறுகியது. ஆசியர்களுக்கு அநேகமாக மூடியே போனது.

ஆசிரியரைப் பற்றிக் கொஞ்சம். ஃபிட்ஸ்ஜெரால்டு பிறந்தது 1896 செப்டம்பர் 24, மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரம். அமெரிக்க தேசிய கீதத்தை எழுதியவர் இவர்களுக்குத் தூரத்துச் சொந்தம், அவர் பெயரைத்தான் இவருக்கு வைத்தார்கள். ஆனால் அப்பாவுக்குத் தொழில் நொடித்தது. 1908-இல் வேலையும் போனது. அம்மா வீட்டு மளிகை வியாபாரப் பணத்தில்தான் குடும்பம் ஓடியது. பணக்காரத் தெருவின் பக்கத்தில் குடியிருந்தார்கள், பணக்காரப் பிள்ளைகளோடு படித்தார். விருப்பப்பட்ட ஸெல்டா என்ற பெண் 1919-இல் நிச்சயத்தை முறித்துக்கொண்டாள், இவருடைய வருமானத்தை நம்பி வாழ முடியாது என்பது காரணம். 1920 மார்ச்சில் இவருடைய முதல் நாவல் வெளிவந்து பெயர் கிடைத்ததும் ஏப்ரலிலேயே கல்யாணம். கேட்ஸ்பிக்குக் கிடைக்காத பெண் ஃபிட்ஸ்ஜெரால்டுக்குக் கிடைத்தாள். வருத்தம் மட்டும் போகவில்லை என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் இந்த நாவல் எதற்கு?

கேட்ஸ்பி நாவல் முதலில் ஏறக்குறைய 21,000 பிரதி அச்சானது. அவர் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 1940 டிசம்பர் 21-இல் 44 வயதில் அவர் இறந்தபோது இரண்டாவது அச்சின் பிரதிகள் இன்னும் கிடங்கில் கிடந்தன. இரண்டாம் உலகப்போரின்போது ராணுவ வீரர்கள் சட்டைப்பையில் வைத்துப் படிக்கச் சின்ன அளவில் புத்தகங்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். 1945-இல் இந்த நாவல் அப்படி ஒன்றரை லட்சம் பிரதிக்கு மேல் போனது. பார்த்தீர்களா, கடைசியில் சீருடைக்காரர்கள்தான் இதைப் படித்திருக்கிறார்கள்! 2021 முதல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை இல்லை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்.

இனிக் கதையின் முடிவு. பிளாசா ஹோட்டலிலிருந்து திரும்பும்போது கேட்ஸ்பியின் மஞ்சள் காரை ஓட்டியது டெய்சி. சாம்பல் மேட்டருகே மிர்ட்டில் சாலையில் ஓடிவந்து அந்தக் கார் மோதி இறக்கிறாள். கார் நிற்கவில்லை. பழியை கேட்ஸ்பி தன் மேல் போட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறான். அது யாருடைய கார் என்று வில்சனுக்குக் காட்டிக் கொடுப்பவன் டாம். வில்சன் வந்து கேட்ஸ்பியைச் சுட்டுவிட்டுத் தானும் செத்துப்போகிறான். செத்தது மூன்று பேர். மூன்று பேரும் ஏழை வீட்டில் பிறந்தவர்கள் என்பதைக் கவனிக்கவும். டாமும் டெய்சியும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடுகிறார்கள்.

அவ்வளவு பேர் தின்ற வீட்டில் சாவுக்கு ஆள் இல்லை. நிக் ஒவ்வொருவருக்காகப் போன் செய்கிறான். மாதக்கணக்கில் அந்த வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டவன் ஒருவன், அவனாகவே போன் செய்கிறான். எதற்கு? விட்டுப்போன டென்னிஸ் ஷூவை அனுப்பிவைக்கச் சொல்லி. வுல்ஃப்ஷைம் வர மறுக்கிறான். டெய்சியிடமிருந்து ஒரு பூகூட இல்லை.

உறவு என்று வருகிறவர் ஒருவர்தான். மினசோட்டாவில் ஒரு சிற்றூரிலிருந்து தந்தி கொடுத்துவிட்டு, மலிவான நீளக் கோட்டில் வந்து இறங்குகிறார் ஒரு கிழவர். சிக்காகோ பத்திரிகையில் செய்தி பார்த்து வந்தாராம். நிக் அவரை மிஸ்டர் கேட்ஸ்பி என்று கூப்பிடப்போக, என் பெயர் கேட்ஸ் என்று திருத்துகிறார். எல்லோரும் இறந்துபோனார்கள் என்று மகன் சொன்னானே, அந்த அப்பா! ஹென்றி கேட்ஸ்.

அவர் மகனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. ஓடிப்போனபோது வருத்தம்தானாம், அதற்குக் காரணம் இருந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறதாம். இரண்டு வருடத்துக்கு முன் வந்து பார்த்து வீடு வாங்கிக் கொடுத்தானாம். இந்த மாளிகையின் புகைப்படம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நிக்கிடம் காட்டுகிறார். மூலையெல்லாம் கிழிந்து, பல கை பட்டு அழுக்கேறிய படம். நிஜ மாளிகைக்குள் நின்றுகொண்டே படத்தைக் காட்டுகிறார். ஊரில் எத்தனை பேரிடம் காட்டியிருப்பார்!

அப்புறம் ஒரு பழைய கதைப்புத்தகத்தை எடுக்கிறார். கௌபாய் கதை. அதன் கடைசித் தாளில் மகன் சின்ன வயதில் எழுதிவைத்த கால அட்டவணை. 1906 செப்டம்பர் 12 என்று தேதி. (அந்தப் புத்தகம் உண்மையில் வெளிவந்தது 1910-இல். ஃபிட்ஸ்ஜெரால்டு கணக்கில் கோட்டை விட்டிருக்கிறார்!) காலை ஆறு மணிக்கு எழுவது, உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிப் படிப்பது, வேலை, விளையாட்டு, பேச்சுப் பயிற்சி என்று மணி வாரியாகப் போட்டிருக்கிறான். நாம் அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் போடுவோமே, அச்சு அசல் அதேதான்.

இது பெஞ்சமின் பிராங்க்ளின் சுயசரிதையில் உள்ள அட்டவணை போலவே இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். பிராங்க்ளின் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றவரின் மகன். அதை அவரே தன் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார், மறைக்கவில்லை. அட்டவணையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட ஜேம்ஸ் கேட்ஸ் இதை எடுத்துக்கொள்ளவில்லை.

அட்டவணைக்குக் கீழே தீர்மானங்கள். நேரத்தை வீணாக்கக் கூடாது. புகையிலை கூடாது. ஒன்றுவிட்டு ஒரு நாள் குளிக்க வேண்டும். வாரம் ஒரு நல்ல புத்தகம் படிக்க வேண்டும். வாரம் 5 டாலர் சேமிக்க வேண்டும் என்று எழுதி, முடியாது என்று தோன்றியதோ என்னவோ, அடித்துவிட்டு 3 டாலர் என்று மாற்றியிருக்கிறான். அப்பா ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்து, வாசித்து, நிக்கின் முகத்தைப் பார்க்கிறார். பட்டியலில் கடைசியாக இருக்கும் தீர்மானம், அம்மா அப்பாவிடம் இன்னும் நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டும் என்பது.